உன் அப்பாவின் குரலில் படித்த வகுப்பு

தினேஷ், தலைமை ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற சிறு பத்திரிகை ஒன்றுக்கு, எங்கள் பள்ளியில் செய்த செயலாராய்ச்சியைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பல தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். நோக்கம், முறை, முடிவு என்று தலைப்புப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனால் பேனா உன்னிடம் பேச ஆரம்பித்துவிடுகிறது. சரி, உனக்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் கூட இருந்து படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். பெண் வீட்டாரிடம் சிரித்துச் சிரித்துப் பேசுகிற நீ, என்னிடம் மட்டும் "ம்", "சரி", "பாக்கலாம்" என்று போனை வைத்துவிடுகிறாய். காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. உனக்குக் கொடுத்த வாக்கை நான் மீறினேன். ஏன் மீறினாய் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதையும் மூட்டை கட்டிக்கொண்டு நீ புது வாழ்க்கைக்குப் போக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நானும் உன் அப்பாவும் வேங்கிக்கால் பக்கம் ஒரே தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் தலைமை ஆசிரியை, அவர் வகுப்பாசிரியர். வீட்டில் யார் தலைமை என்று கேட்டு அவரை எல்லோரும் கிண்டல் செய்வார்கள், அவரும் சிரித்துக்கொண்டே என்னைக் கை காட்டுவார். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளை அவரே எடுத்துக்கொண்டு, அவர்களோடு கூடவே இரண்டு, மூன்று என்று ஏறிவந்தார். மூன்றாம் வகுப்பு முடிந்து கோடை லீவு விட்டிருந்தபோது ஒரு நாள் காலை டீ டம்ளரைக் கீழே வைத்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். நீ சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. போட்டோவுக்கே ஓடி ஒளிகிற மனுஷர், அவர் பேசிய வீடியோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு நீ என் போன், உன் போன், சித்தப்பா போன் எல்லாவற்றிலும் அவர் குரலைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. நான்காம் வகுப்பை, போளூர் பக்கத்திலிருந்து மாறுதலில் வந்த சுகந்தி டீச்சரிடம் கொடுத்தேன். சின்ன வயது, சுறுசுறுப்பு, நினைத்ததை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். முதல் வாரம் ஓடிவிட்டது. அடுத்த வாரம் ஒரு காலை என் அறையில் சத்துணவுக் கணக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பிலிருந்து உன் அப்பா, "ஆற்றங்கரையில்..." என்று இழுத்தார். ஒரு சின்ன இருமல். அப்புறம், "ஒரு நாவல் மரம் நின்றது."

பேனா கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் எழுந்து போனேன். பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. எல்லாம் கீச்சுக் குரல்கள். ஆனால் சேர்ந்து வரும்போது அதில் தனித்தனிக் குரல் எதுவும் கேட்கவில்லை. முதல் வார்த்தையை இழுப்பது, வாக்கியம் முடிகிற இடத்தில் சாக்பீஸ் தூள் தொண்டையில் சிக்கியதுபோல ஒரு இருமல், அடுத்த வரிக்கு முன்னால் ஒரு "ம்", எல்லாம் அவருடையது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரம், பயப்படுகிற நேரமே இல்லை. இருந்தும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அது நான்காம் வகுப்புப் பாடம். உன் அப்பா அந்தப் பாடத்தை அவர்களுக்கு நடத்தியதே கிடையாது.

சுகந்தி டீச்சருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "என்னா மேடம் இந்தப் பசங்க! ஒருவாட்டி நான் படிச்சுக் காட்டுனா போதும், அப்படியே புடிச்சுக்கிறாங்க. சார் செமயா ட்ரெயின் பண்ணி வச்சிருக்காரு" என்றாள். அவள் உன் அப்பாவைப் பார்த்ததுகூட இல்லை, அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பார்வையிட வந்த அதிகாரிகள் கை தட்டிவிட்டுப் போனார்கள். நானும் தட்டினேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் பள்ளி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கிரிவலப் பாதையில் ராத்திரி குடும்பத்தோடு கடை போட்டுவிட்டுப் பாதிப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு நாள் நான்காம் வகுப்பில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆட்கள். சத்தம் குறையும் என்று நினைத்தேன். ஆள் குறையக் குறைய அந்தக் குரல் தெளிவாகிவிட்டது. கூட்டத்துக்குள் ஒளிந்திருந்தவர் வெளியே வந்து நின்றதுபோல இருந்தது. உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றேன். கடைசி பெஞ்சில் பர்வீன். தேரடி வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறவரின் மகள். அவள்தான் எல்லோருக்கும் அரை மூச்சு முன்னால் ஆரம்பிக்கிறாள், மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் விரல் வரிக்கு வரி ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது. புத்தகத்தில் விரித்திருந்த பக்கம் வேறு பாடம். நாவல் மரம் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

அந்த வாரம்தான் தலைமை ஆசிரியர்களுக்குச் செயலாராய்ச்சிப் பயிற்சி. பேர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிமை. உன் பள்ளியில் உன்னை உறுத்துகிற ஒன்றை எடுத்துக்கொள். அதை ஒரு கேள்வியாக்கு. கொஞ்ச நாள் எதையும் தொடாமல் பார். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்து, மறுபடி பார். பலிக்கவில்லையா, பிள்ளையைத் திட்டாதே, மாற்றத்தை மாற்று. யாரோ எங்கேயோ எழுதிய தீர்வுக்குக் காத்திருக்காமல், தன் பள்ளிக்குத் தானே மருந்து தேடுவது. நான் கேள்வியை எழுதிக் கொடுத்தேன்: நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கிறார்களா, ஒப்பிக்கிறார்களா? பயிற்சி நடத்தியவர் படித்துவிட்டு, "நல்ல கேள்விம்மா. ஆனா இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கேள்வி பிள்ளைகளைப் பற்றி, நான் எதற்கு அதில்?

தினேஷ், பார்ப்பதற்கு ஒரு வாரம் போதும். நான் மாதக்கணக்கில் பார்த்தேன். தினமும் முதல் பாடவேளையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நான்காம் வகுப்பில் பின்னால் உட்கார்ந்துவிடுவேன். ஜன்னல் வழியாக மலை தெரியும். மலையைப் பார்த்துக்கொண்டு கேட்டால் அவர் கரும்பலகை அருகே நிற்கிறார் என்றே இருக்கும். திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். மற்ற வகுப்புகளை எட்டிப் பார்ப்பதில்லை, கேட்டால் ஆராய்ச்சி என்பேன். ஒரு நாள் சுகந்தி டீச்சர் என் பக்கத்தில் வந்து குனிந்து, "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. அப்சர்வேஷன்னு சொல்றீங்க, ஒரு வரி கூட எழுதலியே நீங்க" என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, "அது சார் குரலா மேடம்?" என்று கேட்டாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

கார்த்திகை தீபத்துக்கு நீ முன்கூட்டியே வந்தாய், பள்ளி லீவு விட்டிருக்கவில்லை. உன்னிடம் ஒன்றும் சொல்லாமல்தான் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல அம்மா செய்கிற காரியமா அது? ஆனால் தனியாகக் கேட்டுக் கேட்டு எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, உனக்கும் கேட்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நீ வராந்தாவில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். ஒரு செருப்போடு அப்படியே நின்றுவிட்டாய். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, இத்தனை வயதில், பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஏங்கி ஏங்கி அழுதாய். அவர் போன அன்றைக்குக்கூட நீ அப்படி அழவில்லை.

வீட்டுக்கு வந்து நான் விஷயத்தைச் சொன்னேன். இவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை, இதை மாற்ற வேண்டும் என்றேன். "விடும்மா. இப்ப என்னா கெட்டுப் போச்சு? போன்ல எடுத்தா சரியா வராது. பொங்கலுக்கு ஃபிரண்டுகிட்ட நல்ல மைக் வாங்கினு வரேன். முழுசா ரெக்கார்டு பண்ணிக்கலாம். அதுவரைக்கும் அந்தப் பசங்கள ஒண்ணும் பண்ணாத" என்றாய். "சரிடா" என்றேன். நீ கேட்டதற்காக ஒத்துக்கொண்டதாக நினைத்திருப்பாய். பொங்கல் வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது என்பதுதான் நிஜம்.

நீ போன சில நாளில் பள்ளி மோட்டார் ரூம் இரும்புக் கதவில் கரண்ட் கசிந்தது. எலக்ட்ரீஷியன் வருவதற்குள் சுகந்தி டீச்சர் அந்தக் கதவில் படாமல், பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்தாள்: தொடாதே, ஷாக் அடிக்கும். எல்லா வகுப்புக்கும் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். அதற்குள் இன்டர்வெல் விட்டுவிட்டார்கள். மோட்டார் ரூம் பக்கம் உன் அப்பாவின் குரல் கேட்டது. தனியாக, ஒற்றையாக, இதுவரை கேட்காத அளவுக்குச் சுத்தமாக. எட்டிப் பார்த்தால் பர்வீன். சுவர் முன்னால் நின்று எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "ஆற்றங்கரையில்..." இருமல். "ஒரு நாவல் மரம் நின்றது." தொடாதே என்ற எழுத்தின் மேல் விரல் நகர்கிறது, அவர் நாவல் மரம் என்கிறார். படித்து முடித்த திருப்தியில் அவள் கதவைத் தள்ளக் கை நீட்டினாள். நான் கத்திய கத்தலில் குழந்தை அங்கேயே ஒன்றுக்குப் போய்விட்டது. ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். 

அவளுக்குப் பாவாடை மாற்றிவிட்டு என் அறையில் உட்கார வைத்துக் கேட்டேன். "ஏம்மா, இப்படி ஏன் படிக்கிற?"

"படிக்கறதுன்னா இப்டித்தான டீச்சர்?"

"அந்த இருமல் எதுக்கு?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். மேசையில் இருந்த புத்தகத்தைத் திறந்து, ஒரு வாக்கியத்தின் முடிவில் இருந்த முற்றுப்புள்ளியின் மேல் விரலை வைத்தாள். "இதோ இருக்கு டீச்சர். பாடத்துலயே இருக்கு."

அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பா தங்கமான மனுஷர். ஆனால் ஒரு பிள்ளை தடுமாறினால் அவரால் தாங்க முடியாது. அடுத்த எழுத்தை அது தேடி எடுப்பதற்குள் இவர் பாசத்தோடு எடுத்துக் கொடுத்துவிடுவார். மூன்று வகுப்பும் அப்படியே எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் எழுத்தை விட்டுவிட்டு அவர் வாயைப் பிடித்துக்கொண்டார்கள். அதைக் கவனிக்க வேண்டியது தலைமை ஆசிரியை. அவள் தன் வீட்டுக்காரரின் வகுப்பு என்று பெருமையாக வராந்தாவோடு போய்விட்டாள். பயிற்சியில் அவர் கேட்டாரே, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று, அதற்குப் பதில் அன்றைக்குத்தான் கிடைத்தது. உனக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். வரப்போகிற பெண் எதையாவது சொல்ல வந்து வார்த்தைக்குத் தடுமாறினால், நீ எடுத்துக் கொடுக்காதே. அவளே தேடி எடுக்கட்டும், எவ்வளவு நேரமானாலும் சும்மா இரு.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். உனக்குப் போன் செய்ய எடுத்தேன். நீ வேண்டாம் என்றால் கேட்டுவிடுவேன் என்று பயந்து வைத்துவிட்டேன். முதல் மாற்றம், ஒவ்வொருவராகத் தனியே படிப்பது. பிள்ளைகள் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். சிலர் அழுதார்கள். பலிக்கவில்லை. அடுத்து, இரண்டு இரண்டு பேராக. அது இன்னும் மோசம். ஜோடி ஜோடியாக வகுப்பு முழுக்க அவரே உட்கார்ந்து பல பாடங்களை ஒரே நேரத்தில் படித்தார். சுகந்தி டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். "எனக்குப் பயமா இருக்கு மேடம், இன்னிக்கு வேணாம்" என்றாள்.

வழி அவளுக்குத்தான் தோன்றியது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகளை வீட்டுக் கதை பேசச் சொல்லலாம், அவர்கள் சொல்வதை அப்படியே போர்டில் எழுதி அவர்களையே படிக்கச் சொல்லலாம் என்றாள். எந்தப் பாடத்திலும் இல்லாத, அவர்கள் வாயிலிருந்தே வந்த வார்த்தை, சார் குரலில் எப்படி வரும்? "எங்க வூட்டு ஆடு நேத்து குட்டி போட்டுச்சு" என்றான் ஒருவன். "கெணத்துல தண்ணி கம்மி" என்றாள் ஒருத்தி. பர்வீன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "எங்க அத்தா கடை ஷட்டர் ஜாஸ்தி சத்தம் போடும்" என்றாள். எழுதினோம். படி என்றோம். விரலை வைத்தாள். "எ... எங்... எங்க..." என்று உடைந்து உடைந்து ஒரு குரல் வந்தது. கொஞ்சம் கரகரத்த, மூக்கால் பேசுகிற குரல். அதை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. "ச, சத், சத்தம்" என்று அவள் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். "போடும்" என்று முடித்தாள்.  அப்போது பின் வரிசைக்கும் பின்னால் ஒரு இருமல் கேட்டது. யாருடைய வாயும் அசைந்ததாக நான் பார்க்கவில்லை. சுகந்தி டீச்சர் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஏதாவது ஒரு பிள்ளை இருமியிருக்கலாம். அறிக்கையில் அதை எழுதவில்லை.

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குரல் ஓய்ந்தது. முதலில் "ம்" போனது, பிறகு இழுவை, கடைசியில் இருமல். ஒவ்வொன்றும் போன அன்று பார்த்தேன், இந்தத் தடவை எழுதினேன். எழுதிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பொங்கல் லீவுக்கு முந்தின நாள் நீ மைக்கோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய். பிள்ளைகள் உனக்காக ஆசையாக ஒவ்வொருவராக எழுந்து, திக்கித் திணறி, அவரவர் குரலில் படித்தார்கள். நீ மைக்கைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "பொங்கலு வரைக்கும்தான கேட்டேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினாய். அன்று நான் உன் பின்னால் ஓடிவந்து இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சொன்னால், எனக்கு மட்டும் அவர் வேண்டாமா என்று உன்னிடம் சண்டை போட்டிருப்பேன்.

இனி உனக்குத் தெரியாத ஒன்று. அந்தப் பிள்ளைகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. போன வாரம் பர்வீன் என் அறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்று என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். "டீச்சர், நீங்க பாவமா இருக்கீங்க. சார் மாதிரி படிச்சுக் காட்டட்டுமா?" என்றாள். போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தினேஷ். போகவில்லை. அவளிடம் இருக்கிறது. கேட்டால் கொடுக்கிற மாதிரி பத்திரமாக வைத்திருக்கிறாள்.  படி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மேசையில் உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருந்தது. ஒன்றை உருவி அவள் கையில் கொடுத்து, "இதப் படி" என்றேன்.

நின்றபடியே விரல் வைத்துப் படித்தாள். நாள், நேரம், மண்டபம் எல்லாம் சரளமாக வந்தது. உன் பெயருக்கு மேலே "தெய்வத்திரு" என்ற இடத்தில் நின்றாள், எழுத்துக் கூட்டிக் கடந்தாள். அடுத்து உன் அப்பாவின் பெயர். அதைத் தன் கரகரத்த குரலில் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து, சேர்த்து, முழுசாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். "இது யாரு டீச்சர்?" என்றாள். நான்காம் வகுப்பு வரைக்கும் அவர் குரலைச் சுமந்த பெண்ணுக்கு அவர் பெயர் தெரியாது. அவளுக்கு அவர் வெறும் சார். "உங்க சார்தாம்மா" என்றேன். அவள் மறுபடியும் குனிந்து அந்தப் பெயரைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே இன்னொரு தடவை படித்தாள், இந்தத் தடவை சத்தமாக.

பள்ளியிலிருந்து ஒரு வேன் வைத்துக் கல்யாணத்துக்கு வருகிறோம். பர்வீனும் வருகிறாள். நீ கேட்டால் மறுக்க மாட்டாள், உடனே செய்து காட்டுவாள். இதை உன்னிடம் மறைத்து உன்னைக் காப்பாற்றுவதாக நான் நினைத்துக்கொள்ளப் போவதில்லை, குறுக்கே வந்து தடுக்கவும் மாட்டேன். நான் கேட்கவில்லை. நீ கேட்பதா வேண்டாமா என்பது உன் பாடு. ஆனால் ஒன்று, அவளிடம் எதைக் கேட்பதற்கும் முன்னால் அந்தக் கல்யாணப் பத்திரிகையை அவள் கையில் கொடுத்து, உன் அப்பாவின் பெயரைப் படிக்கச் சொல்.

அம்மா